கையில் என்ன கொண்டு ஏறுவார்?

எங்கள் தொழிலில் ஏணிக்கு விலை கிலோ கணக்கு. இரும்பு எத்தனை கிலோ, கூலி எவ்வளவு, பெயிண்ட் சேர்த்தா சேர்க்காமலா, அவ்வளவுதான் பேச்சு. 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மேடைக்குச் சுவரை ஒட்டி நேராக நிற்கும் மங்கி லேடர் அடித்தால், இரண்டு பக்கப் பட்டையும் பத்துக் கம்பியும் சேர்ந்து 30 கிலோ பக்கம் வரும். அதே மேடைக்குச் சேனல் வைத்துச் சாய்வான ஏணி, தட்டையான படி, இரண்டு பக்கமும் கைப்பிடி என்று போட்டால் 200 கிலோவைத் தொட்டுவிடும். இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முதலாளி எதில் கையெழுத்துப் போடுவார் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை.

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபவுண்டரி, எண்ணெய் மில், அரிசி ஆலை, சாயப்பட்டறை என்று யார் கூப்பிட்டாலும் போய் அளவெடுத்து மேடை, ஏணி, கைப்பிடி, ஷெட் எல்லாம் அடித்துக் கொடுப்போம். ஏணி கேட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது உயரம். அடுத்து, “இடம் இவ்ளோதானுங்க இருக்குது.” மூன்றாவது, “கிலோ என்ன ரேட்டுங்க?” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஏறுகிற ஆள் கையில் என்ன கொண்டு போவார்? அது தெரியாமல் கோணத்தை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஏணியின் கோணத்தை முடிவு செய்வது மனிதர் அல்ல. எல்லா மிஷினையும் இறக்கி வைத்த பிறகு மிச்சம் கிடக்கிற தரைதான்.

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி கொடுத்த டிராயிங்கில்தான் இந்தக் கோணங்களுக்கு எல்லாம் எழுதிவைத்த கணக்கு உண்டு என்று நான் பார்த்தேன். இயந்திரங்களுக்கு நிரந்தரமாகப் போடும் ஏறுவழிகளுக்காகவே ஐ.எஸ்.ஓ. 14122 என்று நான்கு பகுதிகளில் ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. தரையிலிருந்து அளந்தால் 20 டிகிரி வரை சரிவுப்பாதை. அதற்கு மேல் 45 வரை மாடிப்படி. அதிலும் 30 முதல் 38 வரை காலுக்குச் சுகம். 75 முதல் 90 வரை கம்பி வைத்த நேர் ஏணி. இவை இரண்டுக்கும் நடுவே, 45-க்கு மேல் 75-க்குள் கிடப்பதுதான் சாய்வான படி ஏணி. அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பைப் பார்க்கும் ஓஷா அமைப்பின் விதி 50 முதல் 70 டிகிரி வரை உள்ளதைக் கப்பல் படி என்று தனியாக வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 1657 இன்னும் கறாரானது. படி ஏணி என்றால் 60 முதல் 70 வரைதான். 45-க்கும் 60-க்கும் இடையில் எதையும் போடாதே என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டது.

மூன்றில் எனக்குச் சரியாகப் படுவது ஆஸ்திரேலியக் கணக்குதான். பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சாய்வு குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 70 ஆபத்து என்றால் 60 பரவாயில்லை, 60-ஐ விட 52 நல்லது என்று மனசு கணக்குப் போடும். ஏறும்போது அது உண்மைதான். இறங்கும்போது கதை வேறு.

68 டிகிரி ஏணியின் உச்சியில் நின்று கீழே பார்த்தால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு திரும்பிக்கொள்ளும். ஏணியைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குவோம். பயம் நமக்கு அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. 52 டிகிரியில் அந்தப் பயம் வராது. பார்வைக்கு மாடிப்படி மாதிரியே இருக்கும். ஒரு கையில் டீ டம்ளரையோ ஸ்பேனரையோ பிடித்துக்கொண்டு, முகத்தை முன்னால் நீட்டி நடந்து இறங்கத் தோன்றும். ஆனால் படி அதற்கு ஏற்றதாக இருக்காது. ஒவ்வொரு எட்டும் 225 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், 52 டிகிரியில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே முன்னால் கிடைப்பது 176 மில்லிமீட்டர்தான். பாதம் 250 இருக்கும். குதிகாலைப் பின்னால் தள்ளலாம் என்றால் மேல் படியின் விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கும். ஆக, பாதத்தில் கால்வாசிக்கு மேல் அந்தரத்தில் தொங்கும். மாடிப்படி என்று நம்பி இறங்குகிறவருக்கு ஏணியின் படி கிடைக்கிறது. சிராய்ப்புகளும் சறுக்கல்களும் அதிகம் கேள்விப்படுவது இந்த மாதிரி ‘வசதியான’ ஏணிகளில்தான்.

இடக் கணக்கையும் பார்த்துவிடலாம். 3 மீட்டர் உயரத்துக்கு 38 டிகிரியில் மாடிப்படி போட்டால் தரையில் 3.84 மீட்டர் நீளம் போய்விடும். 60 டிகிரி என்றால் 1.73 மீட்டர். 68 என்றால் 1.21. 75-க்கு 80 சென்டிமீட்டர். மாடிப்படியிலிருந்து படி ஏணிக்கு வரும்போது இரண்டு மீட்டருக்கு மேல் மிச்சம். அது பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 60-லிருந்து 75-க்குப் போனால் மிச்சமாவது ஒரு மீட்டர்கூட இல்லை. அந்த 93 சென்டிமீட்டரை மிச்சம் பிடித்து அங்கே காலி பேரலை அடுக்கிவைத்திருப்பதை நிறைய இடத்தில் பார்க்கலாம்.

கோணத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். டேப்பும் தூக்குக்குண்டும் போதும். ஏணி தரையில் தொடும் இடத்திலிருந்து உள்பக்கமாக 1 மீட்டர் போய், அந்த இடத்தில் தூக்குக்குண்டு பிடித்து, தரைக்கும் ஏணிச் சட்டத்துக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். 1.73 மீட்டர் வந்தால் 60 டிகிரி. 2.14 வந்தால் 65. 2.75 என்றால் 70. 3.73 என்றால் 75. அது இனி படி ஏணி இல்லை, நேர் ஏணி.

காங்கேயம் பக்கம் ஓர் எண்ணெய் மில்லுக்குச் செய்த வேலையைச் சொல்கிறேன். காங்கேயம் வட்டாரத்தில் அரிசி ஆலையும் எண்ணெய் மில்லும் நிறைய. வெயிலில் உலர்த்திய கொப்பரையை நறுக்கி, எலிவேட்டரில் மேலே ஏற்றி, சூடாக்கி, எக்ஸ்பெல்லரில் விட்டுப் பிழிவார்கள். அதன் மேல்பக்கம் 2.7 மீட்டர் உயரத்தில் ஒரு மேடை. ஆபரேட்டர் அங்கே அடிக்கடி போய்ச் சூடு பார்க்க வேண்டும், கொப்பரை அடைத்துக்கொண்டால் குத்திவிட வேண்டும். அதுவரை அவர்களிடம் இருந்தது கயிற்றால் கட்டிய மூங்கில் ஏணி.

“நேரா ஒரு மங்கி லேடர் போட்டுக் குடுத்துருங்க. ஏறத் தெரிஞ்ச பசங்கதான்,” என்றார் முதலாளி.

“ஏறறவங்க கையில என்னங்க கொண்டு போவாங்க?”

“ஒன்னும் இல்லீங்க. சும்மா போய்ப் பாத்துட்டு வர்றதுதான்.”

இந்தப் பதிலை நம்பிவிடக் கூடாது. முதலாளிகள் பொய் சொல்வதில்லை. மேலே ஏறுகிறவர்கள் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். ஆபரேட்டரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். குத்துவதற்கு ஆளுயர இரும்புக் கம்பி, ஒரு ஸ்பேனர், கொப்பரை பதம் பார்க்க ஒரு டின். இது தினப்படி. அப்புறம் மெதுவாக இன்னொன்றைச் சொன்னார்.

“எலிவேட்டர் பெல்ட் அந்து போச்சுன்னா மூட்டையத் தோள்ல போட்டுட்டு ஏறிக் கொட்டறதுதானுங்கண்ணா. மில்லு நிக்கக் கூடாதில்லீங்களா.”

இந்த ஒரு வாக்கியத்தில் முழு டிராயிங்கும் மாறிவிட்டது. தோளில் மூட்டை வைத்துக்கொண்டு ஏறலாம் என்று எந்தக் கோணத்து ஏணியைப் பற்றியும் என்னால் சொல்ல முடியாது. மூட்டை போக வேண்டும் என்றால் முறையான மாடிப்படி போட வேண்டும். 2.7 மீட்டருக்கு 38 டிகிரியில் அது தரையில் 3.46 மீட்டர் கேட்கும். அங்கே இருந்த காலி இடம், தூணுக்கும் எக்ஸ்பெல்லருக்கும் நடுவே, 1.5 மீட்டர். ஆகவே ஆள் ஒரு வழி, மூட்டை ஒரு வழி என்று பிரித்தோம். மேடைக்கு மேலே ஒரு பீம் போட்டு அதில் செயின் பிளாக் தொங்கவிட்டோம். பெல்ட் அறுந்த நாளில் மூட்டை அதில் ஏறும். கம்பியும் டின்னும் மேடையிலேயே இருக்கும்படி ஒரு கொக்கியும் தட்டும் வைத்தோம். கை காலியாகிவிட்டது. கை காலியான பிறகு ஏணி போடலாம்.

1.5 மீட்டர் இடம், 2.7 மீட்டர் உயரம்; கோணம் 61 டிகிரிக்குப் பக்கம். 2.7 மீட்டரை 225 மில்லிமீட்டரால் வகுத்தால் மீதமில்லாமல் 12 எட்டு. பதினொரு படித்தட்டு, பன்னிரண்டாவது எட்டு மேடையிலேயே போய் நிற்கும். ஒரு படிக்கு முன்னால் கிடைப்பது 125 மில்லிமீட்டர். படித்தட்டு 150 மில்லிமீட்டர் ஆழம் வைத்தோம். ஒவ்வொரு தட்டும் கீழ்த்தட்டின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். ஐ.எஸ்.ஓ. குறைந்தது 80 போதும் என்கிறது. நம்மூர்க் காலுக்கும் செருப்புக்கும் 80 எனக்குத் திருப்தியாக இல்லை. இரும்பு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

அகலத்தில் ஒரு தகராறு வந்தது. “ஒரு மீட்டர் அகலம் வைங்க, ரெண்டு பேரு போலாம்,” என்றார் முதலாளி. இது நல்ல மனசு, தப்பான கணக்கு. படி ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அந்த ஒருவரின் இரண்டு கையும் இரண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்தில் கையை விரித்துக்கொண்டு ஏற முடியாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைக் கையால் பிடித்துத்தான் ஏறுவார்கள். ஐ.எஸ்.ஓ. 450 முதல் 800 மில்லிமீட்டர் வரை விடுகிறது, 600 இருந்தால் நல்லது என்கிறது. 600 வைத்தோம்.

படித்தட்டு எதில் செய்வது என்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது. நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு செக்கர் பிளேட் போடுவார்கள். மேலே இருக்கும் புடைப்புக் கோடுகளைப் பார்த்தால் வழுக்காது என்று தோன்றும். எண்ணெய் மில்லில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெயும் கொப்பரைத் தூளும் சேர்ந்து கோடுகளுக்கு நடுவே பசை மாதிரி நிரம்பிவிடும். புடைப்பு இருக்கும், பிடி இருக்காது. மார்கழிக் குளிரில் அந்த எண்ணெய் உறைந்து மெழுகாகவும் நிற்கும். அதனால் படிக்கு மட்டும் பல் வைத்த கிரேட்டிங் போட்டோம். பட்டைகளுக்கு நடுவே எண்ணெயும் தூளும் கீழே இறங்கிவிடும்; பட்டையின் மேல் விளிம்பில் உள்ள பல் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். அரிசி ஆலையில் தவிடு விழும் இடத்துக்கும் இதுதான் என் சிபாரிசு. மேடைக்கு மட்டும் செக்கர் பிளேட், சுற்றிலும் டோ பிளேட் என்கிற விளிம்புத் தடுப்பு. மேலிருந்து ஸ்பேனர் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழக் கூடாதே.

சாயப்பட்டறை என்றால் இந்த யோசனை வேறு திசையில் போகும். அங்கே சாயத்தோடு உப்பும் தண்ணீரும் ஓயாமல் தரையில் ஓடும். ஏணியின் மேல்பாதி புதுசு மாதிரி இருக்க, அடிப்பாதத்தில் பெயிண்டுக்குள்ளேயே இரும்பு அரித்துப் பிஸ்கட் மாதிரி உதிரும். கால்வனைசிங் செய்து, அடிப்பாதத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சின்ன கான்கிரீட் திண்டின் மேல் உட்காரவைக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் சிலர் எஃப்.ஆர்.பி. என்கிற இழைப் பிளாஸ்டிக் ஏணிக்கே போய்விட்டார்கள், நாங்கள் அது செய்வதில்லை.

பாதுகாப்புப் புத்தகங்கள் எல்லாம் ஷூ போட்ட காலுக்கு எழுதியவை. நம் ஆலைகளில் ஷூ போட்டவரும் உண்டு, ஹவாய் செருப்பும் உண்டு, வெறுங்காலும் உண்டு. மங்கி லேடருக்குப் படியாக மீந்துபோன முறுக்குக் கம்பியை வெட்டிப் போடுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். அந்த வரிகள் வெறுங்காலை அறுக்கும். வலிக்கு ஒதுங்கிக் கம்பியின் ஓரத்தில், பக்கச் சட்டத்தோடு ஒட்டிக் கால் வைப்பார்கள். அப்போது உடம்பின் பாரம் நடுவில் இருக்காது. தட்டையான படி இந்தச் சிக்கலை முழுக்கத் தீர்த்துவிடுகிறது. சாய்வு ஏணிக்கு உருட்டுக் கம்பி போடவே கூடாது.

அரிசி ஆலைகளில் பெண்கள் நிறையப் பேர். கூட்டுவது, தவிடு அள்ளுவது என்று மேலே போகிறவர்களில் பாதிப் பேர் புடவையில்தான் போகிறார்கள். ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேர் ஏணியில் ஏறுவதை ஒருமுறை பார்த்தால் போதும், மங்கி லேடர் பேச்சையே எடுக்க மாட்டீர்கள். புடவை வேண்டாம், யூனிஃபார்ம் போடச் சொல்லுங்கள் என்பார்கள் சிலர். சொல்லலாம். அது வரும் வரைக்கும் ஏணி புடவைக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். படித்தட்டின் முனை, வெட்டிய ஆங்கிள் முனை, போல்ட்டின் மிச்ச நீளம் எல்லாவற்றையும் கிரைண்டர் வைத்து மழுக்கிவிடச் சொல்வேன். பட்டறைப் பையன்கள் முனகுவார்கள். “அண்ணா, பெயிண்ட் அடிச்சா தெரியவா போகுது?” கண்ணுக்குத் தெரியாது. முந்தானைக்குத் தெரியும்.

ஏணியில் எந்த இடம் மோசம் என்று கேட்டால் நடுப்பகுதி இல்லை என்பேன், உச்சி. ஏணியை விட்டு மேடையில் கால் வைக்கும் அந்த ஒரு எட்டு. எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவர் ஒரு ஃபவுண்டரியில் நேர் ஏணியில் ஏறி, மேடை மட்டத்துக்கு வந்தார். ஏணியின் பக்கச் சட்டம் மேடையோடு நின்றுபோயிருந்தது. மேலே பிடிக்க எதுவும் இல்லை. கைக்கு எட்டிய ஒயரிங் பைப்பைப் பிடித்திருக்கிறார். கிளாம்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. காலூன்றித்தான் விழுந்தார், தலை தப்பியது. குதிகால் எலும்பு இரண்டு பக்கமும் நொறுங்கிவிட்டது. இன்றைக்கும் நின்று வெல்டிங் அடிக்க அவரால் முடியாது. அந்த ஏணி எங்கள் பட்டறையில் செய்ததில்லை, ஆனால் அப்படிப்பட்ட ஏணிகள் கோவையில் எத்தனையோ நிற்கின்றன. ஓஷா விதிப்படி பக்கச் சட்டமோ கைப்பிடியோ மேடைக்கு மேல் 1.1 மீட்டர் நீண்டு நிற்க வேண்டும். இரண்டு பைப்பை மேலே நீட்டிவிட ஆகும் இரும்பு பத்துக் கிலோகூட வராது.

நீட்டிய கைப்பிடிகளுக்கு நடுவே திறந்திருக்கும் வாய்க்கு ஒரு கதவு வேண்டும். பலர் அங்கே சங்கிலி மாட்டுவார்கள். முதல் வாரம் மாட்டி மாட்டிக் கழற்றுவார்கள். இரண்டாவது வாரம் அது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் வைத்து, தானே சாத்திக்கொள்ளும் கதவு போடுங்கள். அது மேடைப் பக்கமாக மட்டுமே திறக்க வேண்டும். ஏணிப் பக்கம் திறந்தால், தெரியாமல் சாய்கிறவரை நேராகக் கீழே அனுப்பிவைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், எத்தனை ஏணியைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லி மாளாது. ஏணி மாட்டிய பிறகு தரைக்குக் கான்கிரீட் போடுவார்கள். தளம் இரண்டு அங்குலம் ஏறிவிடும். முதல் படி மற்ற படிகளை விட 50 மில்லிமீட்டர் குட்டையாகிவிடும். காலுக்கு ஒரு தாளம் உண்டு. 225, 225 என்று இறங்கிவரும் கால், கடைசியில் 175-ஐ எதிர்பார்க்காது. தரை முன்கூட்டியே வந்து முட்டும். அதனால் டேப்பைப் பிரிக்கும் முன்பே கேட்டுவிடுவது: “தரை இதுதானுங்களா, இன்னும் மேல வருமா?” அதே மாதிரி தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். கேபிள் டிரே, ட்ரஸ், தண்ணீர் பைப். ஏணி வந்த பிறகு ஏ.சி. டக்ட் போட வருகிறவர் ஏணியைப் பற்றி யோசிக்க மாட்டார்.

நேர் ஏணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்க, கை வீசிக்கொண்டு போகிற ஒருவருக்கு அது போதும். போடுகிறதை ஒழுங்காகப் போட வேண்டும். கம்பிக்கும் பின்சுவருக்கும் ஏழு அங்குல இடைவெளி வேண்டும் என்கிறது ஓஷா. நம் ஆட்கள் குட்டையான பிராக்கெட் வைத்து மூன்று அங்குலத்தில் முடித்துவிடுவார்கள். கால்விரல் மட்டும்தான் நுழையும். கூண்டு வைத்துவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. கூண்டு விழுவதைத் தடுக்காது. விழுகிறவர் அதற்குள்ளேயே இடித்துக்கொண்டு கீழே வருவார், சில நேரம் கையோ காலோ வளையத்தில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 2018 நவம்பர் 19-க்குப் பிறகு 24 அடிக்கு மேல் புதிதாகப் போடும் நிலையான ஏணிக்கு வெறும் கூண்டு செல்லாது. ஹார்னஸோடு கூடிய தடுப்பு ஏற்பாடு வேண்டும். ஏணியை ஒட்டி மேலிருந்து கீழ் வரை ஒரு கம்பிவடம், அதில் ஓடும் பிடிப்பான், அதை மார்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு ஏறுவது. கால் தவறினால் பிடிப்பான் கவ்விக்கொள்ளும்.

மாடிப்படிக்கும் நேர் ஏணிக்கும் நடுவே இன்னொரு சாதி உண்டு. இடது காலுக்கு ஒரு பாதிப் படி, வலது காலுக்கு அதற்கு மேல் ஒரு பாதிப் படி என்று மாற்றி மாற்றி வைத்தது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லப்பேர் என்பவர் இதைப் பிரபலமாக்கினார். இறால் தோலுரிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். எந்த மூளைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். அவர் பெயரிலுள்ள கம்பெனி 56, 68 என்று இரண்டு கோணங்களில் செய்கிறது. ஒவ்வொரு படியும் ஒரு காலுக்கு மட்டுமே என்பதால் படி ஆழமாகக் கிடைக்கும், செங்குத்தான சாய்விலும் முகம் முன்னால் நீட்டி இறங்கலாம். புத்திசாலித்தனம்தான். ஆனால் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்பது பழக வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருக்கிற நம் ஷிஃப்டுகளுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பழகிய ஒரே ஆபரேட்டர், ஒரே மேடை என்றால் சரி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு நேரடியாக இதைப் பற்றியதுதான். வேலை செய்ய வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் பாதுகாப்பான வழி இருக்க வேண்டும். படிகள் உறுதியாக, வழுக்கும் பொருள் இல்லாமல், தேவைப்படும் இடத்தில் கைப்பிடியோடு இருக்க வேண்டும். விழ வாய்ப்புள்ள உயரத்தில் தடுப்பு வேண்டும். டிகிரிக் கணக்கெல்லாம் அதில் இல்லை. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தை 2020-இல் இயற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இன்ஸ்பெக்டர் வந்தால் ஏணி இருக்கிறதா என்று பார்ப்பார் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சட்டம் கேட்பது ஏணி அல்ல, பாதுகாப்பான வழி.

மேலே என்ன இருக்கிறது என்பதும் ஏணியோடு சேர்ந்ததுதான். கூரைக்கு நல்ல ஏணி போட்டுக் கொடுத்தால் கூரைக்குப் போகிறவர்கள் கூடுவார்கள். அங்கே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ, வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டோ என்றால், அதன் மேல் கால் வைத்தவர் நேரே உள்ளே விழுவார். நடைபாதைப் பலகை இல்லாத கூரைக்கு ஏணி கேட்டால் நாங்கள் இரண்டுக்கும் சேர்த்தே கொட்டேஷன் தருகிறோம். சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

காங்கேயம் ஏணியை நாங்கள் மாட்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தை நிறுத்தி, படித்தட்டுகளை முழுசாக அடித்து, கைப்பிடியை மட்டும் தற்காலிகமாகப் புள்ளி வைத்து டாக் அடித்து நிறுத்தினோம். ஆபரேட்டரை ஏறி இறங்கச் சொன்னோம். குட்டையான மனிதர். இறங்கும்போது மேடையின் விளிம்பில் ஒரு நொடி தயங்கினார். பின்னால் கால் தேடும்போது கைப்பிடி அவருக்குத் தள்ளி இருந்தது. உச்சியில் பைப்பை மூன்று அங்குலம் உள்பக்கமாக வளைத்து மறுபடி டாக் அடித்தோம். அவருக்குப் பிறகு முதலாளியும் ஏறினார். அந்த மேடைக்கு அவர் ஏறியது அதுவே முதல் தடவை என்று ஆபரேட்டர் என்னிடம் கண்ணாலேயே சொன்னார். அதற்கு அப்புறம்தான் முழு வெல்டிங்.

உங்கள் ஆலைக்கு ஏணி வாங்குவதாக இருந்தால், ஆர்டரில் உயரத்தையும் ரேட்டையும் மட்டும் எழுதாதீர்கள். யார் ஏறுவார், ஒரு ஷிஃப்டில் ஏறக்குறைய எத்தனை தடவை, கையில் என்ன இருக்கும், மிஷின் நின்றுபோன நாளில் என்ன இருக்கும் என்று எழுதுங்கள். கையில் கனமான சரக்கு என்றால் மாடிப்படி, அல்லது சரக்குக்குத் தனி வழி. கை காலி, தினமும் ஏற வேண்டும் என்றால் 60 முதல் 70 டிகிரிக்குள் தட்டையான படி, இரண்டு கைப்பிடி. 3 மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போகாமல் நடுவில் ஒரு மேடை, இது ஐ.எஸ்.ஓ. சொல்வது. எப்போதாவது ஏறுவது என்றால் நேர் ஏணி, அதற்குரிய தடுப்போடு. எல்லா எட்டும் ஒரே உயரம் என்பதைத் தனி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிலோ ரேட்டில் எங்களிடம் பேரம் பேசுங்கள், தாராளமாக; கிலோவில் பேசாதீர்கள். பெயிண்ட் மஞ்சளா நீலமா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.